புத்தளக் கரையோரமும் ஒதுக்கு நிலமும்

நிலத்தை வெட்டுதலும் நிரப்புதலும் சமன்செய்தலும் மனிதன் பயிர்த்தொழில் கற்ற காலந்தொட்டு நிகழ்ந்துவரும் செயல்களாகும். ஒருவன் தன் காணியில் வெட்டிய பள்ளம் அயலவன் சுவரைச் சரிக்கலாம். அவன் எழுப்பிய மேடு மற்றொருவன் வயலுக்குள் வெள்ளத்தைத் திருப்பலாம். ஆதலின் எல்லை, கட்டடம், நீர்நிலை ஆகியவற்றிலிருந்து குறித்த தூரம் விலகியே மண்ணைத் தொடவேண்டும் என்னும் விதி தொன்மையிலேயே தோன்றிற்று. அவ்வாறு விடப்படும் இடைவெளியையே ஒதுக்கு நிலம் என்கிறோம். புத்தளக் கரையோரத்தில் இவ்விதி எவ்வாறு வளர்ந்தது, எவ்விடத்துத் தவறியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகைய விதிகளுள் மிகப் பழையனவற்றுள் ஒன்று, ஏதென்சு நகரின் சோலோன் வகுத்ததாக உரோமச் சட்டத் தொகுப்பிற் காணப்படுவது. அதன்படி எல்லையோரம் சுவர் எழுப்புபவன் ஓரடியும், வீடு கட்டுபவன் ஈரடியும், கிணறு தோண்டுபவன் ஒரு பாகமும் விடவேண்டும். குழி வெட்டுபவனோ அக்குழியின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு தூரம் விடவேண்டும். இங்கு இடைவெளியை அளந்தது செயலின் விளைவே என்பது நோக்கத்தக்கது. கடற்கரையை எல்லார்க்கும் பொதுவெனக் கொண்ட உரோமச் சட்டம், மாரிகாலத்துப் பேரலை ஏறும் இடம் வரையும் கரையே என்றது. நீரின் நடத்தையே அங்கும் அளவுகோலாயிற்று.

புத்தளக் கரை பொதுநிலமாய் வழங்கியமைக்கு இபின் பதூதாவின் பயணக் குறிப்புச் சான்று பகரும். 1344ஆம் ஆண்டளவில் அவர் வந்திறங்கிய ‘பத்தாலா’ புத்தளமே என்பர் அறிஞர். வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையிற் குவிந்து கிடந்ததையும், மாபார், மலபார் நாட்டவர் விலையின்றி அவற்றை எடுத்துச் சென்று மன்னனுக்குத் துணி முதலியவற்றைக் கையுறையாக அளித்ததையும் அவர் குறிப்பிடுகின்றார். பின்னர் ஒல்லாந்தர் 1667இல் கற்பிட்டியிற் கோட்டை கட்டத் தொடங்கினர். அவர்கள் வழியே உரோம ஒல்லாந்தச் சட்டமும் இந்நாட்டில் வேரூன்றிற்று. ஆங்கிலேயர் ஆட்சியின் இறுதியில், 1947இல் ஆக்கப்பட்ட முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம் ஒதுக்கு நிலம், கடற்கரை, ஏரி, ஓடை ஆகியவற்றுக்குத் தனித்தனி ஏற்பாடுகளைச் செய்தது.

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரும், தாழ்நீர் மட்டத்திலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம் ஆயின. அவ்வலயத்துள் அபிவிருத்தி வேலை செய்வோர் அனுமதிப்பத்திரம் பெறல் வேண்டும். கடலோடு தொடர்புடைய களப்புகளிலோ, முகத்துவாரத்திலிருந்து உள்நோக்கி 2 கிலோமீற்றர் வரையுமே வலயம் சென்றது.

இவ்வளவு திறந்த கடலை நோக்கிய கரைக்குப் பொருந்தும், புத்தளத்துக்குப் பொருந்தவில்லை. புத்தளக் களப்பு ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. வடக்கே கடலோடு கலக்கும் அது, தெற்கே ஒல்லாந்தர் கால்வாயால் முந்தல் களப்போடு இணைகின்றது. முகத்துவாரத்திலிருந்து 2 கிலோமீற்றர் என்பது அதன் தலைவாயிலை மட்டுமே தொட்டது. களப்பின் கரைகளிற் பெரும்பகுதி வலயத்துக்குப் புறம்பாயிற்று.

மண் வெட்டப்பட்டதோ அங்கேயே. 1980களில் இறால் வளர்ப்பு இம்மாவட்டத்திற் பெருகிற்று. கண்டற் காடுகளும் உவர்நிலங்களும் குளங்களாயின; அனுமதியின்றி எழுந்த பண்ணைகளும் பல. கண்டல் மண் வெட்டப்பட்டுக் காற்றுப்பட்டால் அமிலத்தன்மை பெறும். மேலும், பண்ணைகள் கழிவுநீரை ஒல்லாந்தர் கால்வாயில் விட்டன. அக்கால்வாயிலிருந்தே நீரையும் எடுத்தன. ஒருவன் குளத்து நோய் அடுத்தவன் குளத்துக்குப் போக இடைவெளி ஏதும் தடையாகவில்லை. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது பண்ணைகள் பல அழிந்தன. கைவிடப்பட்ட குளங்களே எஞ்சின. அயலவனைக் காக்கவென விடப்படும் நிலம் தன்னையும் காப்பது என்ற உண்மை அப்போது தெளிவாயிற்று.

2011ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், கடலோடு தொடர்புடைய நீர்நிலைகளின் கரையோரமாக 100 மீற்றர் நிலத்தையும் வலயத்துட் சேர்த்தது. குறை திருந்தியது உண்மையே. ஆயினும் இடைப்பட்டவை முப்பது ஆண்டுகள். கண்டல்கள் அழிந்ததும் அவ்விடைக்காலத்திலேதான்.

ஒதுக்கு நிலம் வெற்று நிலம் என்று கருதுதலும் தவறாகும். உடப்பு முதலிய ஊர்களிற் கரைவலை இழுப்போர்க்கு மணற்பரப்பே தொழிற்களம். வலையை இழுக்கவும் மீனைப் பிரிக்கவும் தோணியை ஏற்றவும் அது வேண்டும். ஆகவே விலகு தூரத்தை விதிக்கும்போது அந்நிலத்தில் வாழ்வோரையும் எண்ணவேண்டும். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் தெற்கு, மேற்குக் கரைகளுக்கு 100 மீற்றரும் வடக்கு, கிழக்குக் கரைகளுக்கு 200 மீற்றரும் கட்டடத்தடை வலயமாக அறிவிக்கப்பட்டன. நிலத்தின் உயரத்தையும் மீனவர் தேவையையும் நோக்காத அவ்வளவு எதிர்ப்புக்குள்ளாகிப் பின்னர் தளர்த்தப்பட்டது.

குழியின் ஆழத்தையும் அலையின் ஏற்றத்தையும் கண்டு தூரம் வகுத்தனர் முன்னோர். வரைபடத்துக் கோட்டிலிருந்து அளக்கும் நாமோ நீர் செல்லும் வழியைக் காணத் தவறினோம். வெட்டும் மண்ணின் தன்மை, நீரின் போக்கு, அயலில் வாழ்வோர் தொழில் ஆகிய மூன்றும் அளவுகோலானாலன்றிச் சட்டத்தின் மீற்றர்கள் ஏட்டளவினவாகவே நிற்கும். புத்தளக் களப்பின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவேயாகும்.