இறங்க விடாத துறைமுகங்கள்

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்யும் என் உறவினர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் வணிகத்தின் பொருட்டு வெளிநாடு சென்று, விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டார். கடவுச்சீட்டின் முகப்புப் பக்கம் மழைநீர் பட்டு நைந்திருந்ததுதான் காரணம். அப்பக்கத்தின் அடியில், வரிக்கு 44 எழுத்தும் குறியுமாக இரண்டு வரிகள் இருக்கும். இயந்திரம் படிப்பது அவற்றைத்தான். அவை மங்கிவிட்டால், எதிரே நிற்பவர் தன் பெயரையும் ஊரையும் எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை. இரவெல்லாம் ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்துவிட்டுக் கோவைக்குத் திரும்பியவர் சொன்னார்: "அவங்க என்னையப் பாக்கவே இல்லீங்க, தாளைத்தான் பாத்தாங்க."

அதைக் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் நாராயணசாமி. தில்லையாடி வள்ளியம்மையை நாம் அறிவோம். சென்னையில் கோ-ஆப்டெக்ஸ் மாளிகை ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாகப்பனை ஓரளவு அறிவோம். அவர்களோடு சேர்த்து எண்ணப்பட வேண்டிய இந்தத் தென்னாப்பிரிக்கத் தமிழரை ஏனோ மறந்துவிட்டோம்.

தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் செல்லத் தொடங்கியது 1860ல். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. பின்வந்த கப்பல்களில் சேலம், கோவை மாவட்டத்தாரும் இருந்தனர். இன்றும் டர்பனில் 'கவுண்டன்' என்பது ஒரு குடும்பப் பெயர். (அவர்கள் எல்லோரும் கொங்கு வேளாளர் என்று கொள்ள வேண்டியதில்லை, வட ஆர்க்காட்டு வன்னியர்க்கும் அப்பட்டம் உண்டு.) இவ்வாறு குடியேறியவர்களிலும், பின்னர் வணிகத்துக்காக வந்தவர்களிலும் பலர், தங்கச் சுரங்கங்களால் செழித்த ட்ரான்ஸ்வாலுக்குப் பெயர்ந்தனர்.

அங்குதான் தாள் குறுக்கே வந்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வோர் ஆசியரும் பத்து விரல் ரேகையையும் பதித்துச் சான்றிதழ் பெற்று, கேட்கும்போதெல்லாம் காட்ட வேண்டும் என்றது. பத்து விரல் ரேகையும் குற்றவாளிகளிடம்தான் கேட்கப்படும் என்பது அன்றைய எண்ணம். அவமானம் அதில்தான் இருந்தது. தாமாக முன்வந்து பதிவு செய்துகொண்டால் சட்டம் விலக்கப்படும் என்ற புரிதலில் 1908 தொடக்கத்தில் காந்தி ஸ்மட்ஸுடன் உடன்பட்டார். மக்கள் பதிந்தனர், சட்டம் விலகவில்லை. 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோஹானஸ்பர்க் ஹமீதியா மசூதித் திடலில் 2000க்கும் மேற்பட்ட சான்றிதழ்களை ஒரு பெரிய கொப்பரையில் இட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள்.

என் உறவினரின் தாள் கவனக்குறைவால் கெட்டது. இவர்கள் தம் தாளைத் தாமே, விளைவறிந்து, சாம்பலாக்கினர். சான்றிதழைக் காட்டாதவர்களை அரசு சிறையில் இட்டது. பின்னர் நாடு கடத்தத் தொடங்கியது. ட்ரான்ஸ்வாலுக்குக் கடற்கரை இல்லை. ஆகவே போர்த்துகீசியர் வசமிருந்த டெலகோவா விரிகுடா வழியாக, அதாவது இன்றைய மாப்புட்டோ வழியாக, 1910ல் அவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். பெரும்பாலோர் தமிழர். அவர்களில் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்து, இந்திய மண்ணை ஒருமுறையும் மிதித்திராதவர்களும் உண்டு. சென்னையில் இவர்களை ஏற்றுப் பேணியவர் 'இந்தியன் ரிவியூ' ஜி. ஏ. நடேசன். அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

சில மாதங்களில் அவர்களுள் ஒரு குழு மீண்டும் கப்பலேறியது. காந்தியின் தோழர் போலக் உடன் சென்றார். நாராயணசாமி இக்குழுவில் ஒருவர். டர்பனில் இறங்க விடவில்லை. போர்ட் எலிசபெத்திலும் விடவில்லை. கேப் டவுனிலும் விடவில்லை. அவ்வாண்டு மே 31 அன்றுதான் நேட்டாலும் கேப்பும் ட்ரான்ஸ்வாலும் ஒரே ஒன்றியமாக இணைந்திருந்தன. ஆனாலும் ஒரே நாட்டின் மூன்று துறைமுகங்கள் இவர்களை மாறி மாறி மறுத்தன. கப்பலின் திறந்த மேல்தளத்தில், போதிய உடையின்றி, தென்கடலின் குளிரில் வாரக்கணக்காக அலைந்தனர். கண்ணெதிரே கரை தெரிந்தது. உறவினர்கள் அங்கே இருந்தார்கள். 1910 அக்டோபர் 16 அன்று, முன்பு எவ்விரிகுடா வழியாக வெளியேற்றப்பட்டாரோ அதே டெலகோவா விரிகுடாவில் நாராயணசாமி உயிர் துறந்தார்.

இப்போராட்டச் செய்திகள் நம் பக்கத்துக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. சேலத்தில் வழக்கறிஞராக இருந்த ராஜாஜி, காந்தியின் சிறை அனுபவங்களைச் சிறு நூலாக அச்சிட்டு, அதில் கிடைத்த தொகையைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பினார். இருவரும் நேரில் சந்தித்தது 1919ல்தான்.

நேட்டாலுக்குச் சென்ற கப்பல்களின் பயணிப் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், கிராமம், உடலிலுள்ள தழும்பு என ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. கொள்ளுப்பேரர்கள் சிலர் அந்த வரியின் நகலை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வந்து ஊர் தேடுகிறார்கள். ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயர்கள் அவை. பாதியை எந்த வரைபடத்திலும் கண்டுபிடிக்க முடிவதில்லை.