லெஸ்

யூனிக்ஸ் வகைக் கணினிகளில் நீண்ட கோப்பைத் திரைதிரையாகப் படிக்க உதவும் கட்டளை 'லெஸ்'. ஆங்கிலத்தில் இதற்குக் 'குறைவு' என்று பொருள். எதைவிடக் குறைவு என்று கேட்டால்தான் பெயரின் கதை திறக்கும்.

1978-இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேனியல் ஹால்பர்ட் ஒரு நிரல் எழுதினார். திரை நிரம்பியதும் அது நின்றுகொண்டு, அடியில் 'மோர்' என்று காட்டும். இன்னும் இருக்கிறது என்று பொருள். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அடுத்த பக்கம் வரும். அந்த அறிவிப்பே நிரலுக்கும் பெயராயிற்று. ஆனால் தொடக்க கால மோரில் முன்னோக்கி மட்டுமே போக முடிந்தது. கடந்துபோன வரி போனதுதான். பிழை தேடுபவருக்குப் பெரும்பாலும் வேண்டியது அந்தப் பழைய வரியே!

1980-களின் முற்பகுதியில் மார்க் நூடல்மன் பின்னோக்கியும் நகரும் நிரலை எழுதினார். 'பின்பக்கமாகப் போகும் மோர்' ஆகையால், மோருக்கு எதிர்ச்சொல்லான லெஸ்ஸையே விளையாட்டாக அதற்குப் பெயராக வைத்தார். கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 'குறைவே நிறைவு' என்ற ஆங்கில வாசகமும் இதில் தானாகவே ஒலிக்கிறது. ஒரு சொல்லுக்குள் இத்தனையையும் அடக்கியது அபாரமான பெயர்சூட்டல்.

கவரிமாவின் ஆங்கிலப் பெயரான யாக் போலவே ஒலிக்கும் 'யாக்' என்ற நிரலுக்கு மாற்றாக வந்த, காட்டெருமையின் ஆங்கிலப் பெயரைத் தாங்கிய 'பைசன்' நிரலும் இதே குறும்பின் பிள்ளை.

இன்று யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் மோர் என்று தட்டினாலும் ஓடுவது லெஸ்தான்.