மேடையில் எழுந்த ஓசையும் இசைத்தட்டில் ஏறிய ஓசையும்

"நேரடி நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு" என்று உறையில் அச்சிட்ட இசைத்தட்டொன்றைக் கையிலெடுக்கும் எவரும், குறிப்பிட்ட அந்த இரவில் அந்த மேடையில் எழுந்த ஓசையே அதனுள் இருக்கிறது என்று நம்புவது இயல்பு. ஆனால் பத்திரிகைத் தொழிலிலே நெடுங்காலம் உழன்றவனுக்கு அந்த நம்பிக்கை இலகுவில் வருவதில்லை. ஒரு செய்தி மேசைக்கு வந்தால், இதனை நேரில் கண்டவர் யார், இது எவர் கைமாறி வந்தது என்று கேட்டே பழக்கப்பட்டுவிட்டோம். ஜாஸ் இசையின் வரலாற்றைப் படிக்கப் புகுந்தபோது, அதே கேள்விகளை இசைத்தட்டுகளிடமும் கேட்கவேண்டியிருப்பதைக் கண்டேன்.

இது வெறும் இரசிகர்களின் பொழுதுபோக்கு ஆராய்ச்சியன்று. நமது கச்சேரி மேடையிலே மனோதர்மம் எவ்வளவு முக்கியமோ, ஜாஸ் மேடையில் அதனிலும் அதிகமாக முக்கியமானது. அங்கு கலைஞன் அந்தக் கணத்தில் கற்பனை செய்து வாசிப்பதை எந்தச் சுரக்குறிப்பும் முழுமையாகப் பிடித்து வைப்பதில்லை. ஒலிப்பதிவே அதற்கான ஆவணம். ஆவணம் பொய்த்தால் வரலாறும் பொய்த்துவிடும்.

இதற்கு மிகச் சிறந்த உதாரணம் நியூபோர்ட்டில் நடந்தது.

1956 ஜூலை 7ஆம் திகதி சனிக்கிழமை இரவு, அமெரிக்காவின் றோட் ஐலன்ட் மாநிலத்திலுள்ள நியூபோர்ட் ஜாஸ் விழாவில் டியூக் எலிங்டனின் வாத்தியக் குழு மேடையேறியது. எலிங்டனுக்கு அப்போது வயது 57. பெரிய வாத்தியக் குழுக்களின் காலம் முடிந்துவிட்டது என்று பேசப்பட்ட நாட்கள் அவை. மாலையில் அவர் மேடையேறியபோது குழுவினருள் நால்வர் வந்து சேர்ந்திருக்கவில்லை. சில உருப்படிகளை மட்டும் வாசித்துவிட்டு இறங்கிய அவர், நள்ளிரவை அண்மித்த வேளையிலேதான் மீண்டும் மேடைக்கு வந்தார்.

விழாவுக்கென்று பில்லி ஸ்ட்ரேஹோர்னுடன் சேர்ந்து அமைத்த புதிய இசைத்தொகுப்பை முதலில் வாசித்தார். பின்னர் 1937இல் தாம் அமைத்திருந்த பழைய புளூஸ் உருப்படிகள் இரண்டை எடுத்து, இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியை நிரப்பும் பொறுப்பை டெனர் சாக்ஸபோன் கலைஞர் போல் கொன்சால்வெஸ் வசம் விட்டார். கொன்சால்வெஸ் 27 சுற்றுகள் இடைவிடாது வாசித்தார். மேடையோரத்தில் நின்ற மூத்த மேளக் கலைஞர் ஜோ ஜோன்ஸ், சுருட்டிய பத்திரிகையொன்றால் தாளம் தட்டி உற்சாகமூட்டினார். சபையிலே ஒரு பெண் எழுந்து ஆடத் தொடங்க, ஆயிரக்கணக்கானோர் ஆசனங்களை விட்டு எழுந்தனர். கலவரம் மூண்டுவிடுமோ என்று அமைப்பாளர்கள் அஞ்சும் அளவுக்கு நிலைமை சென்றது. அடுத்த மாதமே 'டைம்' சஞ்சிகையின் அட்டையில் எலிங்டனின் முகம் இடம்பெற்றது. தாம் பிறந்தது 1956இல் நியூபோர்ட்டில் என்று பிற்காலத்தில் அவரே சொல்லிக்கொள்வதுண்டு.

கொலம்பியா நிறுவனம் அவ்வாண்டே வெளியிட்ட 'எலிங்டன் அட் நியூபோர்ட்' இசைத்தட்டு, அவருடைய தட்டுகளுள் மிக அதிகமாக விற்பனையானது. அந்த இரவின் சான்றாக உலகம் அதனையே ஏற்றுக்கொண்டது.

உண்மை வேறாக இருந்தது. போதிய ஒத்திகையின்றி வாசிக்கப்பட்ட புதிய இசைத்தொகுப்பு எலிங்டனுக்குத் திருப்தியளிக்கவில்லை. ஆகவே ஜூலை 9ஆம் திகதி திங்கட்கிழமை குழுவினர் நியூயோர்க்கிலுள்ள கலையகத்தில் கூடி, அதன் பகுதிகளை மீண்டும் வாசித்துப் பதிந்தனர். ஜொனி ஹொட்ஜஸின் வாசிப்பால் புகழ்பெற்ற 'ஜீப்ஸ் புளூஸ்' கூடக் கலையகத்தில் பதியப்பட்டதே. அவற்றின்மீது கரகோஷம் ஒட்டப்பட்டது. தட்டில் பாதிக்கும் குறைவான பகுதியே மேடையில் வாசிக்கப்பட்டது. கலையகச் சுவர்களுக்குள் பிறந்த இசையை நியூபோர்ட்டின் இரவுக் காற்றில் மிதந்து வந்ததாக எண்ணி மக்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு மகிழ்ந்தனர்.

கொன்சால்வெஸின் அந்த 27 சுற்றுகள் மட்டும் உண்மையிலேயே மேடையில் வாசிக்கப்பட்டவை. ஆனால் அங்கும் ஒரு விபத்து. மேடையில் இரண்டு ஒலிவாங்கிகள் இருந்தன. ஒன்று கொலம்பியாவினுடையது. மற்றையது அமெரிக்க அரசாங்க வானொலியான 'அமெரிக்காவின் குரல்' வைத்தது. கொன்சால்வெஸ் இரண்டாவதன் முன்னே நின்று வாசித்துவிட்டார். எனவே கொலம்பியாவின் நாடாவில் சபையின் ஆரவாரம் பலமாகவும், அந்த ஆரவாரத்துக்குக் காரணமானவரின் வாத்தியம் தூரத்திலும் கேட்டது.

'அமெரிக்காவின் குரல்' கடல் கடந்த நேயர்களுக்காக நடத்தப்பட்ட வானொலி. பனிப்போர் நாட்களில் அமெரிக்காவின் நற்பெயரை வளர்க்கும் கருவிகளுள் ஒன்றாக ஜாஸ் இசை பயன்படுத்தப்பட்டது. 1955 ஜனவரியில் வில்லிஸ் கொனோவர் தொடங்கிய இசை நிகழ்ச்சி சிற்றலையில் உலகெங்கும் கேட்டது. நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1951இல் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையின்படி அந்த வானொலியின் ஒலிபரப்புகள் இலங்கையிலிருந்தும் அஞ்சல் செய்யப்பட்டன. 1963இல் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்தின் அனுசரணையுடன் எலிங்டன் குழுவினர் மேற்கொண்ட பயணத்தில் இலங்கையும் இடம்பெற்றது. அரசியல் நோக்குடன் எடுக்கப்பட்ட நாடாக்களே பிற்காலத்தில் கலையின் நேர்மையான சாட்சிகளாக நின்றன என்பது வரலாற்றின் விசித்திரம். விற்பனை நோக்கம் இல்லாத காரணத்தால் அவற்றைத் திருத்தவேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை.

1990களில் அந்த நியூபோர்ட் நாடா கண்டெடுக்கப்பட்டது. தயாரிப்பாளர் ஃபில் ஷாப், கொலம்பியாவின் நாடாவையும் வானொலியின் நாடாவையும் இலக்கத் தொழில்நுட்பத்தின் துணையுடன் பொருத்தி, ஒன்றை இடப்புறமும் மற்றையதை வலப்புறமும் ஒலிக்கச்செய்தார். 1999இல், எலிங்டன் பிறந்து நூறாண்டு நிறைந்த வேளையில், இரண்டு இறுவட்டுகளில் முழு நிகழ்ச்சியும் வெளிவந்தது. கொன்சால்வெஸின் வாத்தியம் அப்போதுதான் அதற்குரிய இடத்தில் நின்று பேசியது. அவர் 1974இல், எலிங்டனுக்குச் சில நாட்கள் முன்பாகவே, இறந்துபோயிருந்தார். தமது பெருமைமிக்க வாசிப்பைச் செம்மையாகக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவேயில்லை.

இதே வானொலியின் நாடாக்களிலிருந்து இன்னொரு புதையலும் கிடைத்தது. 1957இல் பியானோ கலைஞர் தெலோனியஸ் மொங்க்குடன் ஜோன் கொல்ட்ரேன் சில மாதங்கள் நியூயோர்க்கின் 'ஃபைவ் ஸ்பொட்' விடுதியில் வாசித்தார். கொல்ட்ரேனின் கலை வாழ்வில் அது பெருந்திருப்பம் என்று கேட்டவர்கள் எழுதினர். ஆனால் சான்றாக எஞ்சியவை கலையகத்தில் பதிந்த சில உருப்படிகள் மட்டுமே. 1993இல் அந்த விடுதியிலேயே எடுக்கப்பட்ட ஒலிநாடா ஒன்று, 1957ஆம் ஆண்டினது என்ற குறிப்புடன் வெளியானது. கொல்ட்ரேனின் மனைவி நைமா எடுத்தது அது. பிற்கால ஆய்வில், அது 1958 செப்ரெம்பரில் கொல்ட்ரேன் ஓரிரவு மட்டும் மொங்க்குடன் மீண்டும் வாசித்தபோது எடுக்கப்பட்டது என்று தெரியவந்தது. ஓராண்டு வித்தியாசந்தானே என்று தள்ளிவிட முடியாது. வேகமாக வளர்ந்துகொண்டிருந்த கலைஞன் ஒருவனுக்கு ஓராண்டு என்பது நீண்டகாலம்.

2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பழைய நாடாக்களை இலக்க முறைக்கு மாற்றிக்கொண்டிருந்த லரி அப்பெல்பாம், 1957 நவெம்பர் 29ஆம் திகதி கார்னெகி மண்டபத்தில் நடந்த ஜாஸ் நிகழ்ச்சியின் பெட்டிகளைக் கண்டார். ஒரு பெட்டியில் மொங்க்கின் பெயர் மட்டும் சுருக்கமாக எழுதப்பட்டிருந்தது. கொல்ட்ரேனின் பெயர் இல்லை. நாடாவை ஓடவிட்டபோது அந்த சாக்ஸபோன் எவருடையது என்பதைக் காதே சொல்லிற்று. அவ்வாண்டு செப்ரெம்பரில் அது இறுவட்டாக வெளிவந்தது. ஏறக்குறைய 48 ஆண்டுகள் அந்த இசை அலுமாரியில் உறங்கிக்கிடந்தது.

எல்லாச் சான்றுகளும் அரசாங்கத்தின் கையிலிருந்து வரவில்லை. 1940 நவெம்பர் 7ஆம் திகதி வட டக்கோட்டா மாநிலத்தின் ஃபார்கோ நகர நடனமண்டபத்தில் எலிங்டன் குழு வாசித்ததை, ஜக் டவர்ஸ், டிக் பரிஸ் என்ற இரு இளைஞர்கள் தட்டு வெட்டும் கருவியொன்றைக் கொண்டுசென்று பதிந்தனர். விற்பனை செய்வதில்லை என்ற நிபந்தனையின்பேரிலேயே அனுமதி கிடைத்தது. பல ஆண்டுகளின் பின்னர் முறைப்படி வெளிவந்த அப்பதிவு, 1980இல் கிராமி விருதும் பெற்றது.

கலைஞர்களே தங்கள் பதிவைத் திருத்தியதும் உண்டு. 1953 மே 15ஆம் திகதி ரொறன்ரோவின் மஸி மண்டபத்தில் சார்லி பார்க்கர், டிஸி கிலெஸ்பி முதலியோர் வாசித்த நிகழ்ச்சியில், தமது வாத்தியம் சரியாகக் கேட்கவில்லை என்று கண்ட சார்ல்ஸ் மிங்கஸ், பின்னர் அதன்மீது தமது வாசிப்பை மீண்டும் பதிந்து சேர்த்தார். ஒப்பந்தச் சிக்கலால் பார்க்கரின் பெயர் தட்டின் உறையில் 'சார்லி சான்' என்று மாறியது.

இவற்றையெல்லாம் மோசடி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நியாயமாகாது. பிழையின்றி வாசித்த வடிவமே தன் பெயரில் நிலைக்கவேண்டும் என்று கலைஞன் விரும்புவது இயல்பே. எலிங்டன் விரும்பியதும் அதுவே. குற்றம் மீண்டும் வாசித்ததில் இல்லை. அதனை மறைத்து, கைதட்டலையும் ஒட்டி, மேடையில் நடந்ததாக விற்றதிலேயே இருக்கிறது. பேச்சாளர் பின்னர் திருத்தித் தந்த உரையைப் பத்திரிகையில் வெளியிடலாம். அதனைக் கூட்டத்தில் பேசியதாக வெளியிடுவது தவறு.

ஆகவே, மீள்வெளியீடு என்று ஒன்று வரும்போது ஒலி எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதுடன் நின்றுவிடாமல், எந்த நாளில், எந்த இடத்தில், எவருடைய ஒலிவாங்கியில் பதிந்தது என்று உறையில் தேடிப்பார்ப்பது நல்லது. அந்த விபரங்களை நேர்மையாகத் தரும் வெளியீடே நம்பிக்கைக்குரியது. நாடாவை எடுத்தவனும், பெட்டியின்மீது திகதி எழுதியவனும், அதனை வீசாமல் வைத்திருந்தவனும் மேடையேறாதவர்கள், கைதட்டல் பெறாதவர்கள். ஆனாலும் அவர்கள் தங்கள் கடமையைச் செய்திராவிட்டால், போல் கொன்சால்வெஸ் இன்றும் தூரத்தில் நின்றே வாசித்துக்கொண்டிருப்பார்.