இயற்கை தராத துறைமுகம்

நிலம், உழைப்பு, மூலதனம், தொழில் முனைவு ஆகிய நான்கையும் உற்பத்திக் காரணிகள் என்பர் பொருளியலார். வடசென்னைக்கு அவற்றுள் முதலாவதில் பெருங்குறை இருந்தது. கொச்சியைப் போன்ற இயற்கைத் துறைமுகம் இங்கில்லை. அலைகள் ஓயாது மோதும் திறந்த கரையே இருந்தது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டன. ஆணியின்றி நார்க்கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகளே மனிதரையும் சரக்கையும் கரை சேர்த்தன. அப்படகோட்டிகளின் கைத்திறனே அன்றைய துறைமுகம் எனலாம்.

உள்நாட்டிலோ வளத்திற்குக் குறைவில்லை. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறக்கப்பட்டது. பின்னர் அப்பாதை நீண்ட திசையில்தான் ஆம்பூரும் வாணியம்பாடியும் உள்ளன. நம்மவர் பலரின் குடும்ப வரலாறு அவ்வூர்த் தோல் தொழிலோடு பிணைந்தது. தரிசில் தானே வளரும் ஆவாரையின் பட்டையால் பதனிட்ட தோல், பெரியமேட்டு மண்டிகள் வழியே இலண்டன் சந்தைக்குச் சென்றது. வளமும் உழைப்பும் வணிகரின் முதலும் கூடியிருந்தன. கப்பலேற்றும் இடம்தான் இடரானது.

1876இல் செயற்கைத் துறைமுகப் பணி தொடங்கியது. 1881ஆம் ஆண்டுப் புயல் அதைச் சிதைத்தது. மீண்டும் கட்டினர்; கிழக்கு வாயிலை மணல் தூர்த்தது. 1904இல் பொறுப்பேற்ற பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வாயிலை வடகிழக்கிற்கு மாற்றிய பின்னரே துறைமுகம் நிலைபெற்றது. மூலதனமும் அறிவும் இயற்கையின் குறையை ஈடுசெய்த அரிய நிகழ்வு இது.

ஆயினும் ஒரு செலவு எவர் கணக்கிலும் ஏறவில்லை. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர் மறித்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. ஒரே சுவர் ஓரிடத்தில் நிலத்தை ஆக்கி, மற்றோரிடத்தில் அழித்தது. நிலத்தை இழந்தவர்களோ பெரும்பாலும் மீனவர்கள்.

எண்ணூரிலும் இதே கதைதான். தமிழகத்தில் பழுப்பு நிலக்கரி உண்டு, கருநிலக்கரி இல்லை. எனவே ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கக் கரியைப் பாராதீப்பிலிருந்து கப்பலில் கொணர்ந்து மின்னுற்பத்தி செய்ய, 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. மின்சாரம் அலகு அலகாக அளக்கப்படுகிறது. இறாலும் நண்டும் தந்த கழிமுகத்தில் படிந்த சாம்பலுக்கு அத்தகைய அளவை இல்லை. அக்கழிமுகமும் ஓர் உற்பத்திக் காரணியே என்பதைப் பொருளியலார் சொல்லாவிடினும், வலை வீசுவோர் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர்.