கதையும் கேட்போம், கேள்வியும் கேட்போம்!

சாரல் காலம் வந்துவிட்டால் தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலை மக்கள் வெள்ளத்தால் நிறைகிறது. அருவியில் குளித்த ஈரம் உலருமுன்னே அவர்கள் குற்றாலநாதர் கோயிலுக்குள் நுழைகிறார்கள். அங்கே அவர்களுக்காக ஒரு கதை காத்திருக்கிறது.

அந்தக் கதையை நம் மாணவன் ஒருவன் படித்துவிட்டு வந்தான். அது முன்னொரு காலத்தில் திருமால் கோயிலாக இருந்ததாம். சிவனடியாராகிய அகத்தியரை உள்ளே விட மறுத்தார்களாம். அவர் இலஞ்சிக்குச் சென்று முருகனை வணங்கி, வைணவர் வேடம் பூண்டு திரும்பினாராம். உள்ளே சென்றதும் திருமாலின் தலைமீது கைவைத்து அழுத்தினாராம். நெடிய மால் குறுகிச் சிவலிங்கம் ஆனாராம். அந்த வலி தீரவே இன்றும் மூலிகைத் தைலம் சார்த்தப்படுகிறது என்று ஊரார் சொல்வர்.

மாணவன் சிரித்தான். “கடவுளுக்குமா ஐயா தலைவலி?” என்றான். வகுப்பே சிரித்தது, நாமும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபின் அவனே மெல்லக் கேட்டான்: “வேடம் போட்டால்தான் உள்ளே விடுவார்களா ஐயா?”

தோழர்களே! முதற் கேள்வி பகுத்தறிவின் பிறப்பு. இரண்டாம் கேள்வி அதன் வளர்ச்சி. முதற் கேள்வியோடு நின்றுவிடுவோர் நம்மில் பலர். புராணத்தைப் பார்த்துச் சிரித்தாயிற்று, தூக்கி எறிந்தாயிற்று, வேலை முடிந்தது என்று எண்ணுகிறோம். முடியவில்லை! நாம் எறிந்த ஏட்டை எடுத்து வைத்துக்கொண்டு, தம் விருப்பம்போல் பொருள் சொல்ல ஆள் இருக்கிறார்கள். கேட்கவோ நம் தம்பி தங்கையர் இருக்கிறார்கள்.

1943-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் பற்றி அறிஞர் அண்ணா சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா.பி. சேதுப்பிள்ளையோடும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியோடும் சொற்போர் நிகழ்த்தினார். எதிரே நின்ற இருவரும் நெல்லைச் சீமையின் பெரும் புலவர்கள். ‘தீ பரவட்டும்’ என்று முழங்கியவர் அந்நூல்களைத் தொடாமல் மேடை ஏறவில்லை. படித்தார், ஆராய்ந்தார், பின்னரே எதிர்த்தார். எதிர்ப்பதற்கும் ஏடு புரட்ட வேண்டும் என்பதே அந்தச் சொற்போர் நமக்குத் தந்த பாடம்.

ஆகவே ஏட்டைப் புரட்டுவோம். குற்றாலத் தலபுராணத்தைப் பாடியவர் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர். குற்றாலக் குறவஞ்சி தந்தவரும் அவரே. 1706 முதல் 1732 வரை மதுரையை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் காலத்தவர். ஆனால் திருஞானசம்பந்தரோ ஏழாம் நூற்றாண்டிலேயே குற்றாலத்தைச் சிவனுடைய ஊராகப் பாடிவிட்டார். இரண்டுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தொலைவு! அகத்தியர் அழுத்தியதற்குச் சான்று இல்லை. சைவமும் வைணவமும் ஒரு கோயிலுக்காகப் போட்டியிடும் என்பதை இயல்பாக ஏற்றுக்கொண்ட மக்களிடையே இக்கதை வாழ்ந்தது என்பதற்கோ கதையே சான்று. நிகழ்ச்சிக்குச் சாட்சியாக நிற்க முடியாத கதை, நினைப்புக்குச் சாட்சியாக நிற்கிறது.

மாணவன் கேட்ட கேள்விக்கும் விடை அங்கேதான் உண்டு. சமயச் சின்னத்தைப் பார்த்துக் கதவு திறந்தது என்று கதை கூசாமல் கூறுகிறது. முனிவருக்கு வேடம் உதவிற்று. பிறப்பைக் காட்டித் தடுக்கப்பட்ட மக்களுக்கு எந்த வேடம் உதவிற்று? சென்னை மாகாணத்தில் 1939-லும் 1947-லும் ஆலய நுழைவுச் சட்டங்கள் வேண்டியிருந்தன. அகத்தியர் கதையை ஆயிரம் முறை கேட்டவர்களுக்கு, வாயிலில் நின்ற மனிதன் கண்ணில் படவில்லையே!

குற்றாலத்தை விட்டுத் தென்காசிக்கு வருவோம். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய காசி விசுவநாதர் கோயிலுக்கும் ஒரு கதை உண்டு. மன்னன் கனவில் சிவன் தோன்றினாராம். எறும்பு வரிசையைத் தொடர்ந்து போ என்றாராம். போன இடத்தில் செண்பக வனத்தில் லிங்கம் இருந்ததாம். கதை இப்படிச் சொல்ல, கல் என்ன சொல்கிறது? இக்கோயில் அமைந்தது தெய்வச் செயல், தன் செயலன்று என்று அடக்கமாகப் பேசும் அதே பாண்டியன், பிற்காலத்தில் கோயிலுக்குக் குறை நேர்ந்தால் அதைத் திருத்திக் காப்பவர் யாராயினும் அவர்களைப் பணிவதாகக் கல்வெட்டுப் பாட்டில் கூறுகிறான். கட்டியதைக் கடவுள் பெயரில் எழுதினான். காப்பதை மனிதரிடம் ஒப்படைத்தான்!

அவன் அஞ்சியது நடந்தது. கோபுரம் பிளந்து சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. எந்த எறும்பும் வரிசை கட்டி வரவில்லை. எவர் கனவும் அதை உயர்த்தவில்லை. சாரம் கட்டிச் சுண்ணமும் கல்லும் சுமந்த உழைப்பாளிகளின் கைகளே உயர்த்தின. 1990-இல் ஒன்பது நிலைக் கோபுரமாக அது மீண்டும் எழுந்தது. கனவுக் கதையை ஊரே அறியும். கல்லில் எழுதிய வேண்டுகோளை எத்தனை பேர் அறிவர்?

இவை ஏட்டிலும் கல்லிலும் ஏறியவை. ஏடறியாத மக்கள் வில்லடித்துப் பாடிய கதையும் உண்டு. இதே மலைத்தொடரில் தெற்கே சென்றால் பாபநாசத்துக்கு மேலே காரையாற்றுச் சொரிமுத்தையன் கோயில். அங்கே முத்துப்பட்டனுக்குக் காணிக்கை என்ன தெரியுமா? செருப்பு! பார்ப்பனராகப் பிறந்த முத்துப்பட்டன், சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்கா என்னும் சகோதரியரை விரும்பினான். குடுமியைக் களைந்தான், பூணூலை அறுத்தான், தோல் தொழில் கற்றுச் செருப்புத் தைத்தான், அவர்களை மணந்தான், ஆநிரை காக்கும் போரில் மாண்டான். இதுவே வில்லுப்பாட்டு.

இக்கதையில் பின்னர் ஒரு செருகல் நுழைந்தது. அப்பெண்கள் பிறப்பால் பார்ப்பனரே. காட்டில் கிடந்த குழந்தைகளைச் சக்கிலியர் எடுத்து வளர்த்தனர் என்று ஒரு பகுதி. உயர்சாதியார் மனம் கோணாதிருக்கச் சேர்த்த சரக்கு இது என்பதைப் பேராசிரியர் நா. வானமாமலை எடுத்துக்காட்டினார். சாதியை மீறிய கதைக்கே சாதிச் சான்றிதழ் தேடிய கொடுமையைப் பாருங்கள்! முத்துப்பட்டன் அறுத்தெறிந்த பூணூலைக் கதையின் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். நாட்டுக் கதை எல்லாம் மூடக் கதை என்று நாம் ஒதுக்கினால், அந்தப் பூணூல் அங்கேயே கிடக்கும். படித்தால் அல்லவா அறுக்கலாம்?

ஆகவே இளைஞர்களே, கதையைக் கண்டு கைகூப்பவும் வேண்டா. கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டா. சொன்னவர் யார்? எந்தக் காலத்தில் சொன்னார்? கேட்டவருள் உயர்ந்தவர் எவர், தாழ்ந்தவர் எவர்? இந்தக் கேள்விகளோடு படியுங்கள். உங்கள் பாட்டியர் சொல்லும் கதைகளையும் எழுதி வையுங்கள். அவற்றிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள்.

நம் மாணவன் தொடங்கிவிட்டான். அவன் குறிப்பேட்டில் பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்புறம் கதை, வலப்புறம் கேள்வி. இடப்புறத்தில் அகத்தியர் வேடம் பூண்டு வாயிலில் நிற்கிறார். வலப்புறத்தில் அவன் எழுதியிருக்கிறான்: ‘வேடம் போட முடியாதவர்கள் எங்கே நின்றார்கள்?’