ஐந்து நாளில் கடல் சேரும் ஆறும், சேராத ஆறும்

போன பங்குனியில் வாலிநோக்கம் உப்பளம் பக்கம் போயிருந்தேன். வரப்பில் ஒரு அண்ணன் கண்ணாடிக் குழாய் மாதிரி ஒன்றைப் பாத்தித் தண்ணீரில் மிதக்கவிட்டுக் குனிந்து கோடு பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனைண்ணே?" என்றேன். "இருபத்திரெண்டு. இன்னும் காயணும் தம்பி."

அது பாமே மானி. 1768-ல் அந்துவான் பாமே என்ற பிரெஞ்சு மருந்துக்கடைக்காரர் உருவாக்கிய அளவுகோல். கடல் தண்ணீர் அதில் மூணு, மூணரை டிகிரி காட்டும். 25-ஐ ஒட்டி உப்பு விளையும். 29, 30 வந்துவிட்டால் மிச்சத் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் உப்பு கசக்கும். என் படிப்பைப் பற்றி விசாரித்த அண்ணன், "ஆத்துத் தண்ணி கெட்டுப்போச்சா இல்லையான்னு பாக்கவும் இப்படி ஒரு குழாய் இருக்கா?" என்று கேட்டார். "இருக்குண்ணே, ஆனா அதுக்கு நாள்கணக்கில் காத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் இந்தக் குறிப்பு.

ஆற்று நீரின் அழுக்கை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் சோதனை பி.ஓ.டி. தண்ணீரில் கிடக்கும் கழிவை நுண்ணுயிர்கள் தின்னும்போது, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். ஒரு குப்பியில் தண்ணீர் பிடித்து, முதல் நாள் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்ப்போம். இன்னொரு குப்பியை இருட்டில் மூடிவைத்துச் சில நாள் கழித்துப் பார்ப்போம். குறைந்த அளவுதான் பி.ஓ.டி. ஆக்சிஜனை அளக்கும் வழியை 1888-ல் ஹங்கேரியின் லாயோஷ் விங்க்லர் தந்தார். கல்லூரி ஆய்வகத்தில் அதைச் செய்தவர்களுக்கு, ஸ்டார்ச் போட்ட கருநீலம் கடைசிச் சொட்டில் சட்டென்று மறைவது நினைவிருக்கும்.

சரி, எத்தனை நாள் மூடிவைப்பது? இங்கேதான் வரலாறு வருகிறது. பிரிட்டனில் 1898-ல் கழிவுநீர் பற்றி ஆராய ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். 1912-ல் வந்த அதன் எட்டாவது அறிக்கை, ஐந்து நாள், 65 டிகிரி பாரன்ஹீட் என்று சொன்னது. பிரிட்டனின் ஆறுகள் குட்டை. எந்த ஆற்றுத் தண்ணீரும் ஐந்து நாளைக்குள் கடலில் போய் விழுந்துவிடும், அதனால் ஐந்து நாள் போதும் என்று நினைத்தார்கள் எனப் பாடப்புத்தகங்கள் காரணம் சொல்லும்.

அதே அறிக்கைதான், சுத்திகரித்த கழிவுநீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்ற எண்ணையும் கொடுத்தது. அந்த 20 வானத்திலிருந்து விழவில்லை. ஆற்றின் பி.ஓ.டி. 4-ஐத் தாண்டினால் நாற்றம், தொல்லை. சுத்தமான ஆற்றில் அது 2. ஒரு பங்கு கழிவுநீரில் எட்டுப் பங்கு ஆற்று நீர் கலக்கிறது என்று வைத்துக்கொண்டார்கள். எட்டு ரெண்டு பதினாறு, அதோடு 20 சேர்த்தால் 36, ஒன்பதால் வகுத்தால் சரியாக 4. அவ்வளவுதான் கணக்கு. இதில் ஒளிந்திருக்கும் நிபந்தனையைக் கவனியுங்கள்: ஆற்றில் எட்டு மடங்கு நல்ல தண்ணீர் ஓடவேண்டும்.

நம் ஊருக்கு வரும்போது வெப்பத்தை மட்டும் திருத்திக்கொண்டார்கள். இந்தியச் சோதனை 27 டிகிரி செல்சியஸில் மூன்று நாள். சூட்டில் நுண்ணுயிர் வேகமாகத் தின்னும் என்பதால் அது நியாயமான திருத்தம்தான். ஆற்றில் விடும் கழிவுநீருக்கு 1993-ல் வந்த பொதுவரம்பு 30. ஆனால் அந்த எட்டு மடங்குக்கு என்ன பதில்?

வைகையை எடுத்துக்கொள்வோம். 258 கிலோமீட்டர். இது கடலைத் தேடிப் போகிற ஆறே இல்லை. ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து அடங்கிவிடும். அங்கேயும் மிஞ்சினால்தான் ஆற்றங்கரை பக்கம் பாக் நீரிணையைப் பார்க்கும். கோடையில் மதுரைக்குள் ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் சாக்கடைதான். கலக்க எட்டுப் பங்கு இல்லை, ஒரு பங்குகூட இல்லை. மேலே சேர்ந்ததெல்லாம் முதல் வெள்ளத்தில் ஆகாயத்தாமரையோடு கீழே வருகிறது, கண்மாயில் தங்குகிறது. இங்கே தண்ணீருக்கு ஐந்து நாள் கெடு கிடையாது, அடுத்த மழை வரைக்கும் இதே ஊரில்தான் கிடக்கும். வாலிநோக்கத்துக்கு மேற்கே மூக்கையூரில் கடல் சேரும் குண்டாறும் ஆண்டில் பெரும்பகுதி மணல்தான். அதற்கு நடுவே சீமைக்கருவை.

ஆகவே, நம் ஆற்றை ஓடும் தண்ணீராக நினைத்து அளப்பதே பாதி தப்பு என்பது என் கட்சி. அது தொடர் குட்டைகளின் வரிசை. சேதுச்சீமைக்காரர்களுக்கு இது தெரியாததல்ல. குடிக்க ஒரு ஊரணி, அதில் கால் நனைக்கக் கூடாது. குளிக்க, மாடு கழுவ வேறு குளம். பயிருக்குக் கண்மாய். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை 'எதற்குப் பயன்படும்' என்று பார்த்து ஏ முதல் ஈ வரை பிரித்திருப்பதும் கிட்டத்தட்ட இதே யோசனைதான். கலங்கலைத் தெளியவைக்கத் தேத்தாங்கொட்டை உரசினார்கள். ஆனால் கலங்கல் போனால் கிருமியும் போய்விடும் என்று நம்பினால், அது தப்பு.

இனி நாணலுக்கு வருவோம். 1950-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ப்ளோன் ஊரில், மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கேத்தே சைடல் என்ற பெண் விஞ்ஞானி கோரையைக் கழிவுநீரில் வளர்த்துப் பார்த்தார். ஃபீனால் போன்ற விஷத்தைக்கூட அது தாங்கியது, தண்ணீரும் தெளிந்தது. பொறியாளர்கள் அவரைச் சுலபத்தில் ஏற்கவில்லை. பிறகு ரைன்ஹோல்ட் கிக்கூத் மண் படுகையில் நாணல் நட்டு, 1974-ல் ஓத்ஃப்ரெசன் ஊரில் முழு அளவில் செய்தார். வேர்கள் மண்ணை இளக்கி வழிவிடும் என்று அவர் நம்பினார். மண் அடைத்துக்கொண்டு, தண்ணீர் மேலாகவே ஓடியது. மண்ணுக்குப் பதில் ஜல்லி வந்த பிறகுதான் விஷயம் உருப்பட்டது. வேலையின் பெரும்பகுதியைச் செய்வது செடி அல்ல, ஜல்லியிலும் வேரிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் என்பதும் தெளிந்தது. குப்பியில் தின்னும் அதே கூட்டம்தான், இங்கே நமக்காகத் தின்கிறது.

இந்தியாவில் 1990-களில் இது வந்தது. உஜ்ஜயினியில் விக்ரம் பல்கலைக்கழகத்தின் பில்லோர் குழு நாணல் படுகை போட்டு ஆராய்ந்தது. பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஆரோவில் போங்கள். அங்கே பல குடியிருப்புகளில் இப்படிப்பட்ட படுகைகள் உண்டு. ஜல்லிக்கு அடியிலேயே தண்ணீர் நகர்வதால் கொசு வராது, நாற்றமும் குறைவு.

வாலிநோக்கம் பக்கம் ஒரு ஆயிரம் பேர் உள்ள குடியிருப்புக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் வெப்பத்தில் ஆளுக்கு ஒன்றரை சதுரமீட்டர் என்றால் 1500 சதுரமீட்டர், அதாவது 37 சென்ட். ஆளுக்கு 50 லிட்டர் கழிவு, மொத்தம் ஒரு நாளைக்கு 50,000 லிட்டர். 60 சென்டிமீட்டர் ஆழ ஜல்லி, அதில் நாற்பது சதவீதம் இடைவெளி. அப்படியென்றால் தண்ணீர் ஏழு நாள் உள்ளே தங்கும். முன்னால் ஒரு வண்டல் தொட்டி கட்டாயம், இல்லாவிட்டால் ஜல்லி அடைக்கும். இதே கணக்கில் பத்து லட்சம் பேருக்கு 370 ஏக்கர் வேண்டும். மதுரைக்கு இதைப் பரிந்துரைப்பவர்களிடம் நிலம் எங்கே என்று கேளுங்கள்.

ஆனால் இந்தக் கரையில் ஒரு வில்லங்கம் உண்டு. உப்பளத்தைக் காயவைக்கிற அதே வெயில் படுகையிலும் அடிக்கும். ஒரு நாளைக்கு ஒரு சென்டிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தால் 15,000 லிட்டர் போய்விட்டது. மிச்சம் 35,000 லிட்டரில் உப்பு ஒன்றரை மடங்கை நெருங்கும். அழுக்கு குறையும், உப்பு ஏறும். பி.ஓ.டி. குப்பி இதைச் சொல்லாது, பாமே மானிக்கும் இவ்வளவு சிறிய மாற்றம் தெரியாது. உப்பைத் தனியாக அளக்கத்தான் வேண்டும்.

கிருமி விஷயமும் அப்படித்தான். சாக்கடையில் 100 மில்லிலிட்டருக்கு ஒரு கோடி மலக் கோலிஃபார்ம் இருந்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போனாலும் ஒரு லட்சம் மிச்சம். குளிக்கும் தண்ணீருக்கே உச்சவரம்பு 2500. எனவே படுகையிலிருந்து வரும் தண்ணீரை, தெளிவாக இருக்கிறதே என்று ஊரணிக்கு விடக் கூடாது. உப்பைப் பொறுக்கும் தென்னைக்கு விடலாம், ஆள் கை படாமல், தூரில் மட்டும்.