லம்பா லைனும் வான்குடைப் படையினரின் கத்தியும்

போர்ட் பிளேரின் லம்பா லைன் விமான ஓடுதளம், 1942 மார்ச் 23 அன்று கடல்வழியே வந்து அந்தமான் தீவுகளைக் கைப்பற்றிய ஜப்பானியரின் காலத்தில், தீவு மக்களின் கட்டாய உழைப்பைக் கொண்டு உருவாக்கப்பட்டதாகும். எனவே அவ்வட்டாரத்தின் போர்க்கால வரலாற்றில் போர்க் கருவிகளுக்கு முன்னர் அம்மக்களின் துயரமே பேசப்பட வேண்டும். ஜப்பானிய வான்குடைப் படையினர், அதாவது விமானத்திலிருந்து குதித்து வான்குடையால் தரையிறங்கும் வீரர்கள், அதே ஆண்டில் மெனாடோவிலும் பாலெம்பாங்கிலும் இறங்கினரே அன்றி அந்தமானில் அல்ல. இந்தியாவிலோ 50ஆவது வான்குடைப் பிரிகேடு 1941 அக்டோபரில் டெல்லியில் தொடங்கப்பட்டிருந்தது.

எந்த நாட்டு வான்குடை வீரரும் மரக்கிளையில் சிக்கித் தொங்கும்போது ஒரு கையாலேயே வான்குடைக் கயிற்றை அறுக்க நேரும் என்பதால், ஜெர்மானிய வான்குடைப் படையினருக்காகச் சோலிங்கன் நகரில் செய்யப்பட்ட கத்தியில், நெம்புகோலை அழுத்திக் கத்தியைக் கீழ்நோக்கிப் பிடித்தால் அலகு தன் எடையாலேயே பிடியிலிருந்து வெளியே வழுக்கி வந்து, நெம்புகோலை விட்டதும் பூட்டிக்கொள்ளும். முடிச்சுகளை நெகிழ்த்தும் கூரிய ஊசியும் அதனுடன் மடிந்திருக்கும். அமெரிக்க வான்குடைப் படையினரின் எம்-2 கத்தியோ விசைச்சுருளால் திறந்தது. உயிர் காக்கவே இவ்வளவு நுட்பம் தேவைப்பட்டது என்பது போற்றத்தக்கது.

இக்கத்திகளைச் சேகரிப்போர் விலைக்கு முன் அமைப்பையே ஆராய வேண்டும். ஜெர்மானியக் கத்தியின் முதல் வகையைப் பிரிக்க இயலாது. பிந்தையதைச் சுத்தம் செய்வதற்காகக் கழற்றலாம். போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனிப் படையின் கத்தியிலோ மரப்பிடிக்கு மாறாகப் பச்சை நெகிழிப் பிடியே அமைந்துள்ளது.